கழற்றி மாட்டும் பிரேக் பெட்டி

ராய்ஸ்,

பீன்ஸ் அடுப்பில் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடு. நான் தீவனக் கடைக்குப் போகிறேன்.

குதிரை டிரெய்லரின் பிரேக்கை இயக்க நம் பிக்கப்பில் மாட்டும் பிரேக் பெட்டியை, பிக்கப் கம்பெனியிலேயே வாங்கச் சொன்னேன். வண்டி பிரேக்கோடு டிரெய்லர் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும், உள்ளே குதிரை தடுமாறாது. நீயோ, "வெளியில வாங்கி மாட்டுவோம் டார்லின், வேணும்னா கழட்டி வேற வண்டியில போட்டுக்கலாம்" என்றாய்.

நம்மிடம் இருப்பது ஒரே பிக்கப். காலையில் ஓக்லஹோமாவிலிருந்து உன் தம்பி கிளின்ட் கூப்பிட்டான். "அண்ணி, டிரெய்லர் எனக்கு எப்ப வருது?" அவனிடமும் ஒரு பிக்கப் இருக்கிறது அல்லவா?

எந்தப் பெட்டியை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்.

டார்லின்

பி.கு.: பிக்கப்பின் பின்னால் டிரெய்லர் மாட்டும் கொக்கியைத் தேடாதே. அதுவும் கழற்றக்கூடியதுதான். என் கார் டிக்கியில் இருக்கிறது.