"இங்க குடு"

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் முழங்கால் வலி தேவலை. தையல் கடையில் எனக்கு இப்போது சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் வேலை.

போனில் எனக்குப் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும். அதனால் எழுதிக் கேட்கிறேன். ஆசிரியர் பயிற்சியில் பாடம் நடத்திவிட்டு, எங்கே சறுக்கினோம் என்று நீங்களே எழுதித் தரவேண்டுமாமே? அதற்கு மார்க் வேறா? தப்புக்கு மார்க்கைக் குறைத்துத்தான் நான் பார்த்திருக்கிறேன். தப்பே செய்யாதவர்கள் என்ன எழுதுவார்கள்?

உன் ஊமைக்கொட்டான்

மார்ச் 11

அன்பு ஊமைக்கொட்டானுக்கு,

அந்தத் தப்பே செய்யாதவள் நான்தான். "பாடம் நன்றாக நடந்தது. பலகையில் இன்னும் பெரிதாக எழுதலாம்" என்று கொடுத்தேன். "பலகை இருக்கிறது, பிள்ளைகள் எங்கே?" என்று எழுதி எங்கள் பயிற்சி மேடம் திருப்பிவிட்டார். இரண்டாம் தடவையும் அதே கதை. இருபத்தைந்தாம் தேதிக்குள் மூன்றாவது கொடுக்கவேண்டும். அதுவும் திரும்பினால் இந்த வருடம் போச்சு.

நான் முதலில் கணக்குச் சொல்லிக்கொடுத்தது உனக்குத்தான். எங்கே சறுக்கினேன், சொல்லேன். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அக்கா

மார்ச் 15

அக்கா,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டபிறகு எழுதுகிறேன். கோபிக்க மாட்டேன் என்றாய், ஞாபகம் இருக்கட்டும்.

நான் பாதிக் கணக்கில் நின்றால் "இங்க குடு" என்று பென்சிலை வாங்கி நீயே முடித்துவிடுவாய். அப்போது எனக்கும் அப்பாடா என்றுதான் இருக்கும். வீட்டு நோட்டில் எல்லாம் சரி. பரீட்சையில் பன்னிரண்டு மார்க். டீச்சர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அம்மாவின் முழங்காலைக் காரணம் சொன்னேன். முழங்கால் பாதிதான்.

ஒன்று கேட்கிறேன். நான் எங்கே நின்றேன் என்று அப்போது உனக்குத் தெரிந்திருந்ததா? எனக்கே தெரியாது.

ஊமைக்கொட்டான்

மார்ச் 29

என் கண்ணுக்கு,

தெரியாது. பார்த்ததே இல்லை. உன் கடிதத்தை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மூன்றாம் நாள் வகுப்பில் ஒரு பெண் பாதிக் கணக்கில் நின்றாள். என் கை தானாகப் போனது. இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டு, "எதுவரைக்கும் புரிஞ்சுது?" என்றேன். அவள் காட்டியது நான் நினைத்த இடமே இல்லை. அதை எழுதினேன். அந்தப் பழைய பென்சிலையும் எழுதினேன், யாருடையது என்று சொல்லவில்லை. தேறிவிட்டேன்.

உன் ஒன்பதாம் வகுப்பு நோட்டு என் பெட்டியில் கிடந்தது. அதிலிருந்து ஒரு தாளை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பாதிவரை உன் கையெழுத்து. மீதி என்னுடையது, ரப்பரால் அழித்துவிட்டேன்.

அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

நீ அழித்தது வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிறது. தடத்தின் மேலேயே எழுதிவிடலாம். அது வேண்டாமென்று கணக்கை வேறு தாளில் இறக்கிக்கொண்டேன்.

கடையில் சாப்பாட்டு நேரத்தில் போட்டுப் பார்த்தேன். "காஜாவுக்குக் கணக்கா?" என்று பக்கத்து மெஷின்காரி சிரித்தாள். மூன்றாம் வரியில் நிற்கிறேன். இந்தத் தடவை இடம் தெரிகிறது: அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் இருந்தால், உள்ளே இருக்கிற கூட்டல் ஏன் மாறவேண்டும்? மாறும் என்று தெரியும். ஏன் என்றுதான் தெரியவில்லை.

அதை மட்டும் சொல். விடையைச் சொல்லிவிடாதே.

ஊமைக்கொட்டான்