சிட்னியில் இப்ப எத்தனை மணி

அன்பு மகள் சுபானிக்கு,

அப்பாவும் அம்மாவும் கெல்சென்கிர்ச்சனில் சுகம். நீயும் மருமகனும் குட்டி வர்ஷாவும் சிட்னியில் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன், வீட்டில் கேட்டுச் சொல்ல ஆளில்லை. நான் சொல்லச் சொல்ல மேல்வீட்டு யோகலிங்கம் எழுதுகிறான், அம்மாவுக்குத் தெரியாது. அவள் அனுப்புகிற மிளகாய்த்தூளை இனி அனுப்ப வேண்டாம், இங்கே கடையில் நல்ல தூள் இருக்கிறது என்று நீ சொல்லி மூன்று மாதம். அதோடு உங்கள் இரண்டு பேருக்கும் கதைபேச்சு இல்லை. உன்னைக் கேட்டால், நான் வேலையால் வர அங்கை நீங்கள் படுத்திருப்பியள் அப்பா என்கிறாய். அவளைக் கேட்டால், பிள்ளைக்கு இப்ப சாமமோ என்னவோ ஆர் கண்டது என்கிறாள்.

போன கிழமை என் சிநேகிதன் தபோதரன் மகளின் கலியாணத்துக்கு பெர்லின் போனோம். மறுநாள் அம்மாவை அலெக்சாண்டர் பிளாட்ஸுக்குக் கூட்டிப்போனேன். எண்பத்தைந்து ஐப்பசியில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி ரயிலில் வந்த நானும் யோகலிங்கமும் போகவேண்டிய இடத்துக்கு முன்னமே அவசரப்பட்டு இறங்கி முழித்துக்கொண்டு நின்ற சதுக்கம் அது. அவன் தோளில் சிவப்புப் பை, ஸிப் அறுந்தது. பச்சை என்கிறான் இப்போது, நான் சொன்னபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன். அங்கே உருளை மாதிரி ஒரு பெரிய மணிக்கூடு, சுற்றிவர உலகத்து ஊர்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் நேரம். அன்றைக்கு எங்களுக்கு எந்த ஊர் நேரமும் தேவைப்படவில்லை. இந்த முறை அதற்காகவே போனேன். எனக்கு எண் தெரியும், எழுத்துத் தெரியாதே, அதனால் இஞ்சேரும், பிள்ளையின்ரை ஊரைக் காட்டும் பாப்பம் என்றேன். அம்மா பையைக் கிண்டினாள், மூக்குக்கண்ணாடியை தபோதரன் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். பையை மூடிக்கொண்டு, அண்ணாந்தும் பாராமல், அங்கை இப்ப பின்னேரம் ஏழரை, வர்ஷாக் குட்டிக்குச் சோறு தீத்துவாள் என்றாள். நான் விடவில்லை, படம் எடுத்துக்கொண்டு நின்ற ஒரு பெடியனிடம் சிட்னி சிட்னி என்று கேட்டு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். பத்தொன்பதுக்கும் இருபதுக்கும் நடுவில் நின்றது, ஏழரையேதான். ஆர் கண்டது என்றவள் அவள்தான்.

வந்த மறுநாளே தூளுக்கு மிளகாய் வறுத்தாள். கீழ்வீட்டு ஜெர்மன்காரி தும்மிக்கொண்டே வந்து கதவைத் தட்டினாள். ஆருக்கு இவ்வளவும் என்றேன், எங்களுக்குத்தான் என்கிறாள். இரண்டு கிழம் மூன்று கிலோ தூள் தின்றால் என்ன ஆகும் என்று எங்கள் டாக்டர் மருமகனிடம் கேட்டுச் சொல். அண்ணை, இதை எழுதினால் அக்கா என்னை வீட்டுக்குள்ளை எடுக்கமாட்டா என்கிறான் யோகலிங்கம். எழுதடா என்றேன்.

பிள்ளை, இது கிடைத்த முதல் ஞாயிறு உனக்குப் பின்னேரம் ஏழு மணிக்கு போன் எடு, எங்களுக்குப் பகல் பதினொன்று, ஒருவரும் படுத்திருக்கமாட்டோம். ஐப்பசியில் இங்கேயும் அங்கேயும் மணிக்கூட்டைத் திருப்புவார்கள், நேரக் கணக்கு மாறும், அதற்கு முன் எடு, பிறகு இரண்டு பேருக்கும் புதுச் சாட்டு கிடைத்துவிடும். குளிருக்கு வர்ஷாவின் காதை மூடிவிடு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். எடுத்ததும் அம்மாவிடம் தூள் முடிந்துவிட்டது என்று சொல். முடியாவிட்டாலும் சொல்.

கையெழுத்து மட்டும் என்னுடையது,
உன் அப்பா
மகேந்திரராஜா