சண்டை பிடித்தவர்தான் சோறு போட வேண்டும்

அண்ணை,

இன்று காலை என் கடையில் கொத்துரொட்டி போடுபவரும் பரிமாறுபவரும் சாப்பிட வந்தவர்கள் முன்னாலேயே சத்தம் போட்டார்கள். மதியம் ஒருவர் கையில் சோற்றுக் கரண்டியைக் கொடுத்து மற்றவரைக் காட்டினேன். அந்தக் கணத்தில் உங்கள் முகம் வந்து நின்றது.

கொழும்பில் வெள்ளவத்தைச் சாப்பாட்டுக்கடையை நீங்கள் நடத்தியபோது அதுதான் சட்டம். மதியக் கூட்டம் வருமுன் வேலையாட்கள் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும். காலையில் யாரோடு சண்டையோ, அவருக்கு நாமே சோறு போட வேண்டும். இடியப்பம் அவிக்கும் எனக்கோ வாய் கொஞ்சம் நீளம். கரண்டி என் கையைவிட்டு இறங்கியதே இல்லை!

ஒருநாள் பரிமாறும் சிவத்தோடு சண்டை. இடியப்பம் சுணங்குது, ஆட்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறதென்று கத்தினான். "எனக்கென்ன பத்துக் கையோ? போடா அங்கால!" என்றேன். அதன்பிறகு தேங்காய் வாங்கப் போனவனைச் சந்தியில் பொலிஸ் பிடித்து ஜீப்பில் ஏற்றிவிட்டதாகப் பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து சொன்னார். பரிமாறும் சட்டையோடு போயிருக்கிறான் பாவி. அடையாள அட்டை அவனுடைய சொந்தச் சட்டைப் பையில், ஆணியில் தொங்கியது.

"கடையைப் பூட்டுவம் அண்ணை, நாங்கள் அறைக்குப் போறம்" என்று எல்லோரும் நடுங்கினார்கள். அட்டை இல்லாமல் பிடிபட்ட தமிழர் திரும்பி வருவாரா என்றே தெரியாத யுத்தகாலம் அது. நீங்கள் அவனுடைய அட்டையை எடுத்துக்கொண்டு பொலிசுக்குக் கிளம்பினீர்கள்.

"பூட்டினா அவன் எங்க வந்து சாப்பிடுவான்? அவனுக்கும் ஒரு பிளேட் வையுங்கோ."

அந்தப் பிளேட்டைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தோம். ஒருவரும் அறைக்குப் போகவில்லை, ஒருவரும் சாப்பிடவுமில்லை. பின்னேரம் நீங்கள் அவனோடு உள்ளே வந்தபோது, அப்பாடா, எனக்கு உயிரே திரும்பி வந்தது. அழுதுகொண்டே சோறு போட்டேன்.

"என்னக்கா, காலமை இடியப்பம் சுணங்கினது, இப்ப சோறுமோ?" என்றான்.

கடையே சிரித்தது. நீங்கள் என் கையிலிருந்த கரண்டியைப் பறித்தீர்கள். "தள்ளுங்கோ. அட்டையை விட்டிட்டுப் போனதுக்கு வழிநெடுக இவனை ஏசினனான். நான்தான் போடவேணும்."

யோசித்துப் பார்க்கிறேன். எல்லோரோடும் சண்டை பிடித்த நான் உங்களோடு மட்டும் பிடித்ததில்லை. அதனால் உங்களுக்கு ஒருநாளும் சோறு போட்டதுமில்லை.

இன்று அந்த இருவரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டு எழும்பினார்கள். மனம் ஆறிவிட்டது. ஆனால் உங்களோடு எனக்குக் கோபம் அண்ணை, ஒரு சொல் சொல்லாமல் கண்ணை மூடிவிட்டீர்களே. உங்கள் படத்துக்கு முன்னால் ஒரு பிளேட் வைத்துச் சோறு போட்டிருக்கிறேன்.