கைலேஞ்சிக்குள் இருந்த ஒலிப்பதிவு

வெள்ளவத்தை
08.06.2025

அன்புள்ள ரூபிகா ரீச்சருக்கு,

நான் நலம். நீரும் நலமாயிருக்க வேண்டும். இனி உம்முடைய சிங்கள வகுப்புக்கு நான் வரமாட்டேன். காரணம் உமக்குத் தெரியும். ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும்.

படிக்கிற இடத்தில் போன் எதற்கு என்று முதல் நாளே கேட்டேன். "உங்கட குரலை நீங்களே கேட்டுத் திருத்தலாம் அன்ரி" என்றீர். பதிவுசெய்யும் பொத்தானை அழுத்தச் சொன்னீர், அழுத்தினேன். நிறுத்துவது எப்படி என்று சொல்லித் தரவில்லை. வழக்கம்போலப் போனைக் கைலேஞ்சித் துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்து எதையோ தட்ட, மீன்கார சிறிபாலவோடு நான் போட்ட சண்டை முழுவதும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. அதை நீர் வகுப்பில் போட்டீர். எல்லாரும் சிரித்தார்கள்.

அது முப்பது வருடமாகச் சந்தையில் நானாகவே பிடித்த சிங்களம். ஆவணியில் என் மகன் மிதுஷனுக்குக் கலியாணம். பெண்ணின் தாய், ஹெந்தளையில் இருக்கிற சம்பந்தியம்மாவுக்குச் சிங்களம்தான், தமிழ் தெரியாது. மகன் நடுவில் நின்று மொழிபெயர்க்காமல் அவவோடு நானே கதைக்க வேண்டும் என்றுதான் உம்மிடம் வந்தேன். சிரிப்புக்காட்ட அல்ல.

இப்படிக்கு,
பத்மாவதி இராசரத்தினம்


கொட்டாஞ்சேனை
11.06.2025

அன்புள்ள பத்மாவதி அன்ரிக்கு,

போன் எடுத்தால் வைத்துவிடுகிறீர்கள். அதனால் இதை உங்கள் பக்கத்து வீட்டுச் சாருஜாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

உங்களைக் கேட்காமல் போட்டது என் பிழை. ஆனால் அவர்கள் சிரித்தது உங்களைப் பார்த்து அல்ல. "இந்த மீன் எனக்கு மூத்தது" என்று சிறிபாலவிடம் சொன்னீர்களே, அதற்கு. புத்தகத்துச் சிங்களத்தை வைத்துக்கொண்டு மீன்கூட வாங்க ஏலாது என்று இப்போது எல்லாருக்கும் கவலை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தனியாக இருந்து அந்தப் பதிவை ஒருதரம் கேளுங்கள். உங்கள் குரலை அல்ல, சிறிபாலவின் குரலை. பிறகும் வரமாட்டேன் என்றால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
ரூபிகா


வெள்ளவத்தை
30.06.2025

அன்புள்ள ரூபிகா ரீச்சருக்கு,

கேட்டேன்.

நான் மீனின் கண்ணைப் பற்றிக் கத்திக்கொண்டிருக்க, அவன் "அக்கே, மனிசி ஆஸ்பத்திரியில. விடியப் போய் நல்ல மீன் எடுக்க ஏலாமப் போச்சு" என்கிறான். இரண்டாம் தரமும் சொல்கிறான். எதிரே நின்ற எனக்கு அது கேட்கவேயில்லை.

மறுநாள் போய் மனைவியைப் பற்றி விசாரித்தேன். நான் சத்தம் போடாமல் நின்றதைப் பார்த்து, "அக்கேக்குச் சுகமில்லையா?" என்றான். மனிசி வீட்டுக்கு வந்துவிட்டாவாம். மீன் அன்றைக்கும் பழசுதான். அதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

நேற்று ஹெந்தளைக்குப் போனோம். சம்பந்தியம்மா கதைத்து முடிக்கும்வரை நான் வாய் திறக்கவில்லை. மொழிபெயர்க்க வந்த மகனிடம், "நீ தேத்தண்ணியைக் குடி" என்றேன். ஒரே மகள், அவள் போனபின் தான் வீட்டில் தனியாக இருக்க வேண்டுமே என்று அவவுக்குப் பயம். எனக்கும் இவன் ஒருவன்தான் என்று என் சந்தைச் சிங்களத்தில் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. எனக்குக் கோபம் வரவில்லை.

வகுப்பில் போன் கூடாது என்ற என் கருத்தில் மாற்றமில்லை. அடுத்த திங்கட்கிழமை வகுப்புக்கு வருவேன். என் யன்னலோரக் கதிரையை யாருக்கும் கொடுக்க வேண்டாம். போனும் வரும், கைலேஞ்சியில் சுற்றியபடி. நிறுத்துவதற்கு எதை அழுத்துவது என்று முதலில் சொல்லித்தாரும்.

இப்படிக்கு,
பத்மாவதி அன்ரி