அப்பா திட்டிய சிறுத்தை

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே எல்லோரும் நலம், இந்த முறை ஒப்புக்கு எழுதவில்லை, உண்மையாகவே நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் கட்டைப் பிரித்துவிட்டார்கள். மருத்துவமனையில் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை கடகடவென்று படித்தார், டாக்டருக்கு ஒரே சந்தோஷம், எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. முன்னால் போனவர்கள் படித்ததை வெளி பெஞ்சில் இருந்து கேட்டு மனப்பாடம் செய்திருப்பார் என்று நினைத்தேன், நாம் கவலைப்படக் கூடாது என்று எதையும் செய்கிறவர்தானே.

உனக்கு ஒன்றை எழுதாமல் இருந்தேன். கண் மங்கிய சமயத்தில்தான் குழந்தைகள் புத்தகத்துக்குப் புலி, சிறுத்தைப் படங்களை வரைந்துகொண்டிருந்தார். சிறுத்தைக்கு உடம்பில் வெறும் வளையங்கள்தான், தென் அமெரிக்கக் காட்டு ஜாகுவாருக்குத்தான் வளையத்துக்குள் பொட்டு இருக்கும். அப்பா சிறுத்தைக்கும் பொட்டு வைத்துவிட்டார். உன் தங்கை பள்ளி நூலகப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து என் காதில் சொன்னாள். அவரிடம் சொன்னால் மனிதர் தூரிகையையே தொடமாட்டார் என்று இருவரும் வாயை மூடிக்கொண்டோம். பதிப்பகத்தில் படம் கேட்டபோதெல்லாம் ஏதோ சாக்குச் சொல்லிச் சமாளித்தேன், பார்வை திரும்பாவிட்டால் இந்த மனிதர் வரையாமல் எப்படி இருப்பார் என்று உள்ளுக்குள் ஆடிப்போயிருந்தேன்.

நேற்றுக் காலை ஜன்னலோர மேசையில் படங்களைப் பரப்பியவர் என்னைக் கூப்பிட்டார். "சிறுத்தைக்குப் போய் ஜாகுவார் பொட்டு வச்சிருக்கு, எந்த மடையன் வரைஞ்சது இது?" என்றார். உன் தங்கை கொஞ்சமும் யோசிக்காமல், "நீங்கதாம்ப்பா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார், கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். கீழே பெயரை மட்டும் ஜாகுவார் என்று மாற்றிவிடலாமே என்று இவள் யோசனை சொன்னதற்கு, ஜாகுவார் காட்டில் மயில் ஏது என்று படத்தில் புதருக்குப் பின்னால் காட்டினார். கண்ணாடி போட்டுப் பார்த்த பிறகுதான் அந்த மயில் எனக்கே தெரிந்தது. சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன், ராசா.

இருட்டில் படுத்துக்கொண்டு போனைப் பார்க்காதே. கண்ணுக்கும் மனசுக்கும் ஒரு குறையும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும். அப்பாவோடு பேசும்போது சிறுத்தையைப் பற்றி நீயாக வாயைத் திறக்காதே. அவரே சொல்லுவார், வேறு யாரோ வரைந்ததாகத்தான் சொல்லுவார், நீயும் சேர்ந்து அந்த ஆளை நன்றாகத் திட்டு.

நிம்மதியாக இருக்கும்,
உன் அம்மா