முக்கோணக் கல்லுக்குப் பொங்கல்

உத்தமபாளையம்
கார்த்திகை, வெள்ளி

அன்புள்ள சூரியாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், அவருடைய முழங்கால் வலியும் சுகமாகவே இருக்கிறது. அந்தக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க நாச்சியம்மன் துணை.

போனில் சொல்ல வந்தால் மூச்சு வாங்குகிறது, அதனால்தான் எழுதுகிறேன். நீ தேடி அனுப்பிய வெள்ளைக்காரன் காலத்து வரைபடத்தை அப்பா பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக் கட்டிலில் விரித்துவிட்டார், எனக்குப் படுக்க இடமில்லை. இன்று பிளாட் போட்டிருக்கிற ஆற்றங்கரை முழுக்க அதில் வயலும் தோப்பும்தான், நம் தெருவே இல்லை! ஆறு வளைகிற இடத்தில் சின்னதாகக் கோயில் குறி. நாம் கரையடி நாச்சி என்று காலங்காலமாகக் கும்பிடுகிற கல் இருக்கும் இடத்திலோ வெறும் முக்கோணம். முக்கோணம் என்றால் சர்வேக்காரர்கள் நட்ட அளவுக்கல் என்று நீதானே எழுதியிருந்தாய். உன் பெரியப்பா சுருளிராஜன் நம்பவே இல்லை. அப்பா போய்க் கல்லில் அப்பியிருந்த சந்தனத்தைச் சுரண்டிக் கழுவினால், உச்சியில் ஒரு வட்டம், நடுவில் புள்ளி, சர்வேக்காரர்கள் கொத்திய அடையாளமேதான். பெரியப்பா தலையில் கை வைத்து, அப்ப நாம கெடா வெட்டுனதெல்லாம் கவர்மெண்டுக்காடா என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

அப்படியானால் நிஜ நாச்சி கோயில் குறி இருந்த ஆற்று வளைவில்தான் இருக்க வேண்டும். ஆனால் அங்கே ரியாசுதீன் பாய் மனை போட ஜேசிபி வைத்து மண் நிரவிக்கொண்டிருந்தார். மூடிவிட்டால் உன் கல்யாணத்தின் முதல் பத்திரிகையை எந்தச் சாமிக்கு வைப்பது? முழங்கால் வலிக்காரர் ஓடியதைப் பார்த்திருக்க வேண்டும் நீ. புங்கமரத்தடியில் பாதி புதைந்து, கையில் மொட்டோடு நாச்சி இருந்தாள், எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாய் உடனே வண்டியை நிறுத்தி, ஆத்தா இத்தன நாளும் இங்கனதான் இருந்திருக்காக, அந்த மூலைய விட்டுர்றேன் அண்ணே என்றார்.

இனி அந்தப் பழைய கல்லைப் பிடுங்கிப் போடலாம் என்றார் பெரியப்பா. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிள்ளையில்லாமல் நான் அழுத வருஷமெல்லாம் அந்தக் கல்லைத்தான் சுற்றினேன். அதனிடம் கேட்டுத்தான் நீ பிறந்தாய். அளவுக்கல்லோ என்னவோ, நான் சொன்னதை அதுதான் கேட்டது. யாரும் அதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன், திரும்பச் சந்தனமும் பூசிவிட்டேன்.

உனக்கு நிச்சயம் பண்ணியிருக்கிற பெண், கயலோடு தினமும் பேசு. நீங்கள் இருவரும் நிறைந்து வாழ வேண்டும். தை மாதக் கல்யாணத்துக்கு லீவை ஒரு நாள் கூட்டிக் கேள், பொங்கல் வைக்க இரண்டு இடம் ஆகிவிட்டது.

ஆசியுடன் உன் அம்மா,
உமாதேவி