கண்ணாடி மேசையில் வந்த பெயர்

டிரெஸ்டன், 14 மார்ச் 1933

எங்கள் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடி மேசை இன்று வேலை செய்தது. டாக்டர் ரோசன்ஹைன் தம் இருபது வருடக் குறிப்புகளையெல்லாம் பொடிப் படங்களாக்கிப் படச்சுருளில் ஏற்றியிருக்கிறார். தொலைபேசியில் செய்வதுபோல எண்ணைச் சுழற்றினால் சுருள் ஓடி நின்று, அந்த எண்ணுக்குரிய பக்கம் மேசைக் கண்ணாடியில் ஒளிர்கிறது. பக்கத்தின் மூலையில் அதோடு தொடர்புள்ள பக்கங்களின் எண்கள். ஒரு புத்தகத்திலிருந்து அதைக் கொடுத்த நண்பருக்கு, அந்த நண்பர் சொன்ன வார்த்தைக்கு, அங்கிருந்து வேறொரு புத்தகத்துக்கு - தாவிக்கொண்டே போகலாம்.

“ஒரு காலத்துல எல்லார் வீட்டுலயும் இது இருக்கும், ஹெட்விக். மனுஷன் எதையும் மறக்க வேண்டியதில்ல,” என்றார்.

கூட வேலை பார்க்கும் கொன்ராட் விடுவானா? “ஹெடியோட சமையலையும் ஏத்திடுங்க டாக்டர். சூப்புல உப்பு போட்டாளான்னாவது தெரியும்.”

இலையுதிர் காலத்தில் இவனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன்.

4 ஏப்ரல்

ஆளுங்கட்சியின் பழுப்புச் சட்டைக்காரர்கள் ஆய்வுக்கூடத்துக்குள் வந்து டாக்டரை இழுத்துப்போனார்கள்.

“தொப்பிய எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டார்.

“யூதனுக்கு எதுக்குடா தொப்பி?” என்றான் ஒருவன். கத்தவில்லை அவன். சும்மா, பேச்சுவாக்கில் சொல்வதுபோல - அதுதான் -

அத்தனை பேர் இருந்தோம். ஒருவரும் எழவில்லை. நான் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

5 ஏப்ரல்

எல்லோரும் வேலைக்கு வந்தோம். நானும்தான்.

8 ஏப்ரல்

டாக்டரை விட்டுவிட்டார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். எல்லை தாண்டிப் பிராக் நகருக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். மணிக்கட்டுகளில் கயிற்றுத் தடம்.

“அந்தச் சுருள அழிச்சிடுங்க ஹெட்விக்.”

“உங்க இருபது வருஷம், டாக்டர்.”

“அதுல என் சிநேகிதங்க பேரெல்லாம் இருக்கு. யார் வீட்டுல கூடினோம், யார் என்ன பேசினாங்க… எல்லாத்தையும் நானே ஒண்ணோட ஒண்ணு முடிச்சுப் போட்டு வச்சிருக்கேன்.”

திங்கட்கிழமை முதல் வேலையே அதுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

10 ஏப்ரல்

நான் உள்ளே போகும்போதே மேசை ஒளிர்ந்துகொண்டிருந்தது. கொன்ராட் எண்ணைச் சுழற்ற, அன்று டாக்டரை இழுத்துப்போன இருவர் அவன் தோளுக்குமேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியில் ஆர்ண்ட் என்ற பெயர். எங்கள் தெருப் பள்ளிக்கூட வாத்தியார்! ஒருவன் எழுதிக்கொண்டான். பெரிய அதிகாரியைக் கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

“பாத்தியா ஹெடி, சுருள் ஒரு தடவகூடச் சிக்கல. அசந்துபோயிட்டாங்க.”

“என்ன காரியம் பண்ணியிருக்க, தெரியுதா?”

“மெஷின் ஓடுதான்னு கேட்டாங்க. ஓட்டிக் காட்டினேன்.”

முகமெல்லாம் சிரிப்பு. அதில் துளி வெறுப்பில்லை. இருந்திருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும்.

அவன் சாப்பிடப் போனதும் சுருளை படத்தை அழிக்கும் வெளுப்புத் திரவத் தொட்டியில் போட்டேன். டாக்டரின் கையெழுத்து மங்கி, மஞ்சளாகி, போய்விட்டது.

திரும்பி வந்த கொன்ராட் வெறும் சுருளைப் பார்த்தான். கறைபட்ட என் விரல்களைப் பார்த்தான். அதிகாரி வந்ததும், “நான்தாங்க. சுருளக் கழுவும்போது கலவைய மாத்தி ஊத்திட்டேன்,” என்றான். ஓங்கி ஓர் அறை. உதடு கிழிந்தது.

யார் இவன்? காலையில் இருந்தவனா, இவனா?

11 ஏப்ரல்

ஆர்ண்ட்டை நேற்றே பிடித்துப்போய்விட்டார்களாம்.

20 மே

தேவாலயத்தில் நாள் குறிக்கப் போகலாமா என்று கொன்ராட் கேட்டான். நான் விரலில் இருந்த மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தேன்.

“உனக்காகத்தானே அடி வாங்கினேன்?”

“ஆமா. மறக்கல.”

“அப்புறம் என்னதான் உனக்கு?”

மேசையருகே அன்று அவன் சிரித்த சிரிப்பு என் கண்ணைவிட்டுப் போகவில்லை. மோதிரத்தைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தேன். அழுதான். நானும் அழுதேன். ஆனாலும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

வரும் வழியில் ரொட்டிக் கடை. வரிசையில் எனக்கு முன்னால் ஆர்ண்ட்டின் மனைவி, கைக்குழந்தையோடு. வாத்தியாரைப் பற்றி இன்னும் தகவல் இல்லை.

“வம்புதும்புக்குப் போகாத மனுஷன். இவர் பேரு அவங்களுக்கு எப்படிக் கெடச்சுதுன்னே தெரியல,” என்று கடைக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீ முன்னால போம்மா. வேலைக்குப் போற பொண்ணு. எனக்கு அவசரமில்ல.”

போனேன்.